ஒரே நோய், ஐந்து கொத்துகள்: நீரிழிவு ஆய்வில் கிளஸ்டரிங் முடிவெடுக்கக் கைகொடுத்த இடமும் கைவிட்ட இடமும்

இரண்டு கோப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் கோப்பில் இருப்பவருக்கு வயது 38. மெலிந்த உடல், பிஎம்ஐ 22, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 11.8. சில மாதங்களாக எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இரண்டாவது கோப்பில் இருப்பவருக்கு வயது 71. வேறு ஏதோ காரணத்துக்காக இரத்தம் எடுத்தபோது சர்க்கரை இருப்பது தெரியவந்தது. எச்பிஏ1சி 6.8. இரண்டு கோப்புகளின் மேலும் எழுதியிருப்பது ஒரே வரி: வகை 2 நீரிழிவு. இருவரும் எடுத்துக்காட்டுக்காக நான் உருவாக்கியவர்கள். ஆனாலும் இப்படி இரண்டு பேர் ஒரே நாளில் வந்து உட்காருவது நீரிழிவு மருத்துவருக்குப் புதிதல்ல.

அவர் எடுக்க வேண்டிய முடிவுகள் பல. யாருக்கு இன்சுலின் சீக்கிரம் தேவைப்படும்? யாருடைய சிறுநீரகத்தை அடிக்கடி கவனிக்க வேண்டும்? யாருடைய விழித்திரையை முதலில் பார்க்க வேண்டும்? யாரை மாத்திரையோடு நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம்? கோப்பின் மேல் இருக்கும் அந்த ஒற்றை வரி இவற்றில் எதற்கும் விடை தருவதில்லை. ஏனென்றால் வகை 2 என்பது கழித்துக் கழித்து மிஞ்சுகிற பெயர். தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி இல்லை, ஒற்றை மரபணுக் கோளாறு இல்லை, கணையத்தில் வேறு நோய் இல்லை, கர்ப்பகாலச் சர்க்கரையும் இல்லை என்றால் மிச்சமிருக்கும் எல்லோரும் இந்தப் பெட்டிக்குள் போய்விடுகிறார்கள்.

2018-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் எம்மா ஆல்க்விஸ்ட், லெய்ஃப் க்ரூப் ஆகியோரின் குழு அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்தவர்களைக் கிளஸ்டரிங் முறையால், அதாவது ஒத்த அளவுகள் உள்ளவர்களை ஒரே கொத்தில் சேர்க்கும் கணக்கால், பிரித்துக் காட்டியது. நான் மருத்துவன் அல்ல, தரவுப் பகுப்பாய்வு என் தொழில். கிளஸ்டரிங் செய்து கொடுங்கள், அதை வைத்து முடிவெடுக்கிறோம் என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் எடுத்து வைப்பது இந்த ஆய்வைத்தான். இந்த முறையால் எது முடியும், எது முடியாது என்ற இரண்டையும் அடுத்தடுத்து வந்த குழுக்கள் இதில் வெளிப்படையாகச் சோதித்துப் பார்த்திருக்கின்றன. வணிக நிறுவனங்களுக்குள் நடக்கும் கிளஸ்டரிங் வேலைகளுக்கு இப்படிப்பட்ட மறுபரிசோதனை அநேகமாகக் கிடைப்பதே இல்லை.

எதை உள்ளே விட்டார்கள்

ஸ்வீடனின் தென்கோடியில் உள்ள ஸ்கேனியா பகுதியில், புதிதாக நீரிழிவு கண்டறியப்படுபவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து 8,980 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு அளவுகள். உடல் தன் கணையத்தையே தாக்குகிறதா என்று காட்டும் ஜிஏடி ஆன்டிபாடி, நோய் கண்டறியப்பட்ட வயது, பிஎம்ஐ, எச்பிஏ1சி ஆகியவை முதல் நான்கு. மற்ற இரண்டும் வெறும் வயிற்றில் எடுத்த குளுக்கோஸ், உடல் சுரக்கும் இன்சுலினின் அளவைக் காட்டும் சி-பெப்டைடு ஆகியவற்றிலிருந்து ஹோமா2 கணக்கின் வழியாக வருபவை. கணையத்தின் பீட்டா செல்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை ஒன்று காட்டும். உடல் இன்சுலினுக்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதை மற்றொன்று காட்டும்.

இந்தப் பட்டியலை வேகமாகக் கடந்துபோக வேண்டாம். ஆய்வின் மிகப் பெரிய முடிவு இங்கேதான் எடுக்கப்பட்டது. கொத்துகளைத் தரவே கண்டுபிடித்தது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். இந்த ஆறு அளவுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் நோயின் இயக்கம் தெரிந்தவர்கள். இன்சுலின் சுரப்பு, இன்சுலின் எதிர்ப்பு என்ற இரண்டு அச்சுகளும் முக்கியம் என்று அவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தார்கள்.

அதேபோல எதை வெளியே வைத்தார்கள் என்பதும் முக்கியம். சிறுநீரகப் பாதிப்பு, விழித்திரைப் பாதிப்பு, இதயநோய் ஆகிய பின்விளைவுகள் கொத்து பிரிக்கும் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பிரித்து முடித்த பிறகு, அந்தப் பிரிவினைக்கு ஏதாவது பொருள் இருக்கிறதா என்று பார்க்க அவற்றைத் தனியே வைத்திருந்தார்கள். இந்த ஒழுங்கு பல இடங்களில் தவறிப்போகிறது. வாடிக்கையாளர்களைக் கொத்தாகப் பிரிக்கும்போது அவர்கள் கொடுத்த இலாபத்தையும் உள்ளே போட்டுவிட்டு, பிறகு மூன்றாம் கொத்து அதிக இலாபம் தருகிறது என்று அறிக்கை எழுதுவார்கள். உள்ளே போட்டதுதானே வெளியே வரும்.

அளவுகோல் சரியில்லை என்றால்

அவர்கள் பயன்படுத்திய கிளஸ்டரிங் முறையின் பெயர் கே-மீன்ஸ். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தூரம். யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்கும், அவ்வளவுதான். அந்தத் தூரம் எந்த அலகில் என்று அதற்குத் தெரியாது.

மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். அ என்பவருக்கு வயது 45, எச்பிஏ1சி 7. ஆ என்பவருக்கும் வயது 45, ஆனால் எச்பிஏ1சி 12. இ என்பவருக்கு வயது 58, எச்பிஏ1சி 7. எண்களை அப்படியே போட்டால் அ-வுக்கும் ஆ-வுக்கும் தூரம் 5. அ-வுக்கும் இ-க்கும் தூரம் 13. ஆகவே அ-வும் ஆ-வும் ஒரே மாதிரி, இ வேறு என்று கணினி முடிவு செய்யும். மருத்துவர் இதைப் பார்த்தால் திடுக்கிட்டுப் போவார். எச்பிஏ1சி 7-க்கும் 12-க்கும் நடுவே இருப்பது மலையளவு வித்தியாசம். இப்போது, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் வயதுக்கு 12 என்றும் எச்பிஏ1சிக்கு 2 என்றும் வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். முதல் தூரம் 2.5 ஆகிறது, இரண்டாவது சுமார் 1.1. அ-வின் கூட்டாளி மாறிவிட்டார். நோயாளிகள் அதே மூன்று பேர்தான்.

லுண்ட் குழு ஒவ்வோர் அளவையும் சராசரி 0, திட்ட விலக்கம் 1 என்று வரும்படி மாற்றிக்கொண்டது. சராசரியிலிருந்து ஐந்து திட்ட விலக்கத்துக்கு அப்பால் கிடந்த மதிப்புகளை நீக்கியது. ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாகப் பிரித்தது. இல்லாவிட்டால் நோயின் வேறுபாட்டைவிட ஆண் பெண் உடலமைப்பு வேறுபாடே கொத்துகளை இழுத்துவிடும்.

அலகு பற்றி எனக்கு மறக்க முடியாத அனுபவம் ஒன்று உண்டு. பெயர் சொல்ல வேண்டாத ஒரு நிறுவனத்தின் தரவில் கொத்து பிரித்தபோது, ஒரு கொத்து மட்டும் மிகத் தெளிவாக, தனித்தீவுபோல் விலகி நின்றது. எச்பிஏ1சி பயங்கரமாக உயர்ந்த கூட்டம். அவசரமாகக் கவனிக்க வேண்டியவர்கள் என்று அறிக்கையில் எழுதப் போகும் நேரத்தில் மூலப் பட்டியலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். 48, 53, 64 என்று எண்கள். எல்லோரும் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவர்கள். அந்த ஆய்வகம் எச்பிஏ1சியைச் சதவீதத்தில் எழுதாமல் மில்லிமோல் அலகில் எழுதியிருந்தது. 48 என்பது 6.5 சதவீதம், 53 என்பது 7, 64 என்பது 8. திட்ட விலக்கத்தால் வகுத்திருந்தும் இது சரியாகவில்லை. ஒரே பத்தியில் இரண்டு அலகுகள் கலந்துவிட்டால் எந்தச் சமன்படுத்தலும் காப்பாற்றாது. அந்தத் தனித்தீவு நோயாளிகளின் கூட்டம் அல்ல, ஓர் அச்சுப்பொறியின் பழக்கம். அன்றிலிருந்து மிகத் தெளிவாகப் பிரியும் கொத்தைக் கண்டால்தான் எனக்கு முதலில் சந்தேகம் வருகிறது.

எத்தனை கொத்து என்ற கேள்வி

ஆன்டிபாடி உள்ளவர்களை முதலில் தனியே எடுத்துவிட்டு, மிச்சமிருந்தவர்களைக் கே-மீன்ஸ் முறையால் நான்காகப் பிரித்தார்கள். ஆக மொத்தம் ஐந்து.

முறை எளியது. நான்கு மையங்களை எங்காவது வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் அவருக்கு அருகில் உள்ள மையத்தோடு சேர்க்க வேண்டும். சேர்ந்தவர்களின் சராசரிக்கு மையத்தை நகர்த்த வேண்டும். மையங்கள் அசையாமல் நிற்கும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாய்ட் 1957-லேயே எழுதிவைத்த முறை இது. அச்சில் வந்தது 1982-ல். கே-மீன்ஸ் என்ற பெயரை 1967-ல் ஜேம்ஸ் மெக்வீன் தந்தார். எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறக்கூடும் என்பதால் பல தொடக்கங்களோடு ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

நான்கு என்ற எண்ணை எப்படி முடிவு செய்வது? 1987-ல் பீட்டர் ரூசோ தந்த சில்லவெட் என்ற அளவு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. ஒருவர் தன் கொத்தில் உள்ளவர்களுக்கு எவ்வளவு அருகில், பக்கத்துக் கொத்துக்கு எவ்வளவு தூரத்தில் என்று ஒப்பிட்டு, -1 முதல் 1 வரை மதிப்பெண் தரும். லுண்ட் குழு அதோடு நிற்கவில்லை. தரவிலிருந்து 2,000 முறை மறுமாதிரி எடுத்து, ஒவ்வொரு முறையும் அதே கொத்துகள் திரும்பி வருகின்றனவா என்று பார்த்தது. இரண்டு கொத்துகளில் எவ்வளவு பேர் பொதுவாக இருக்கிறார்கள் என்று 0 முதல் 1 வரை காட்டும் ஜக்கார்டு ஒப்புமை 0.8-க்கு மேல் இருந்தது. நல்ல உறுதி என்று கொள்ளத்தக்க அளவு அது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தொழிலில் இருப்பவர்களே தவறி விழுகிற இடம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கொத்து உறுதியாகத் திரும்பி வருகிறது என்பதால், உலகத்தில் அப்படியொரு பிளவு இருக்கிறது என்று ஆகிவிடாது. 0 முதல் 100 வரை ஒரே சீராகப் பரவிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகளை எடுத்து நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். கே-மீன்ஸ் 25, 50, 75 ஆகிய இடங்களுக்குப் பக்கத்தில் வெட்டும். மறுமாதிரி எடுத்தாலும் மீண்டும் அங்கேயேதான் வெட்டும். ஒப்புமை எண் அருமையாக வரும். ஆனால் அந்தப் புள்ளிகளுக்கிடையே இடைவெளி எங்கும் இல்லை. நான்கு கேட்டால் நான்கு தருவதுதான் இந்த முறையின் இயல்பு. நீரிழிவு நோயாளிகள் உண்மையில் தனித்தனித் தீவுகளா, அல்லது தொடர்ச்சியான ஒரு நிலப்பரப்பில் நாம் போட்ட வேலிகளா என்ற கேள்வியை ஜக்கார்டு எண்ணால் தீர்க்க முடியாது.

வெளியே வந்த ஐந்து

தன்னெதிர்ப்பால் வரும் கடும் நீரிழிவு 6.4 சதவீதம். இன்சுலின் பற்றாக்குறையால் வரும் கடும் நீரிழிவு 17.5. இன்சுலின் எதிர்ப்பால் வரும் கடும் நீரிழிவு 15.3. உடற்பருமன் சார்ந்த மிதமான நீரிழிவு 21.6. வயது சார்ந்த மிதமான நீரிழிவு 39.1.

தனியே வைத்திருந்த பின்விளைவுகளோடு ஒப்பிட்டபோதுதான் ஆய்வு உலகச் செய்தியானது. இன்சுலின் பற்றாக்குறைக் கொத்தில் விழித்திரைப் பாதிப்பின் ஆபத்து அதிகம். இன்சுலின் எதிர்ப்புக் கொத்தில் சிறுநீரகப் பாதிப்பின் ஆபத்து அதிகம். அந்த இரண்டாவது கூட்டத்தைப் பாருங்கள். சர்க்கரை அளவை மட்டும் பார்த்தால் மற்றக் கடும் வகையினரைப் போல் பயமுறுத்துபவர்கள் அல்லர். வழக்கமான மருத்துவத்தில் கண்ணுக்குத் தப்பக்கூடியவர்கள். அவர்களுடைய சிறுநீரகம்தான் ஆபத்தில் இருந்தது. ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் வேறு மூன்று தொகுதிகளில் மொத்தம் 5,795 பேரிடம் சோதித்தபோதும் இதே வடிவம் திரும்பி வந்தது.

கிளஸ்டரிங் செய்ததில் எனக்கு மிகவும் மதிப்புள்ள பகுதி இதுதான். சர்க்கரையைக் குறைத்தால் போதும் என்றிருந்த பார்வைக்கு, சிலருக்கு அது போதாது என்று ஒரு கேள்வியை அது எழுப்பியது.

எக்ஸிடர் போட்ட போட்டி

2019-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஜான் டென்னிஸ் உள்ளிட்ட குழு நேரடியான ஒரு கேள்வியை வைத்தது. இந்தக் கொத்துகள் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். எதிரில் இருக்கும் ஒருவருக்கு மருந்து தேர்ந்தெடுக்க, கொத்தின் பெயர் நன்றாக உதவுமா, அல்லது எல்லா மருத்துவமனையிலும் ஏற்கெனவே இருக்கும் சாதாரண எண்கள் நன்றாக உதவுமா?

அடாப்ட் என்ற மருந்துச் சோதனையில் பங்கெடுத்த 4,351 பேர், ரெக்கார்ட் என்ற இன்னொரு சோதனையில் பங்கெடுத்த 4,447 பேர் ஆகியோரின் தரவில் இதைப் பார்த்தார்கள். கொத்துகள் அங்கும் கிடைத்தன. கொத்துக்குக் கொத்து சர்க்கரை மோசமாகும் வேகம் வேறுபடவும் செய்தது. ஆனால் அந்த வேறுபாட்டை நோய் கண்டறியப்பட்ட வயது என்ற ஒற்றை எண்ணே கிட்டத்தட்ட அதே அளவுக்கு விளக்கிவிட்டது. சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டிச் சொல்வதில் கொத்தின் பெயரைவிட, தொடக்கத்திலேயே அளந்த இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம், மேலாக இருந்தது. எந்த மருந்துக்கு யார் நன்றாகப் பலன் காட்டுவார் என்பதிலும் வயது, பாலினம், பிஎம்ஐ, எச்பிஏ1சி ஆகியவற்றை வைத்துக் கட்டிய எளிய மாதிரி கொத்துகளை முந்தியது.

முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. யோசித்தால் காரணம் புரிகிறது. ஐந்து எண்களைக் கொடுத்து ஒரு பெயரை வாங்கிக்கொள்கிறோம். பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி. ஆனால் ஒரே பெயருக்குள் இருப்பவர்களிடையே உள்ள வேறுபாடெல்லாம் அந்தக் கொடுக்கல் வாங்கலில் போய்விடுகிறது. தனி மனிதரைப் பற்றிய முடிவுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தப் போய்விட்ட பகுதிதான்.

சென்னையில் வேறு வரைபடம்

2020-ல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ரஞ்சித் மோகன் அஞ்சனா, விஸ்வநாதன் மோகன் ஆகியோரின் குழு 19,084 பேரின் தரவைக் கிளஸ்டரிங் செய்து வெளியிட்டது. உள்ளே விட்ட அளவுகள் எட்டு. இடுப்புச் சுற்றளவு, இரத்தக் கொழுப்பு அளவுகளான டிரைகிளிசரைடு, எச்டிஎல், உணவுக்குப் பிந்தைய சி-பெப்டைடு ஆகியவையும் சேர்ந்தன. கிடைத்த கொத்துகள் நான்கு. இன்சுலின் பற்றாக்குறைக் கொத்தும் வயது சார்ந்த மிதமான கொத்தும் ஸ்வீடனில் பார்த்தவைதான். மற்ற இரண்டும் புதியவை. ஒன்று இன்சுலின் எதிர்ப்போடு கூடிய உடற்பருமன் கொத்து, 25.9 சதவீதம். இன்னொன்று எதிர்ப்பும் பற்றாக்குறையும் ஒருங்கே உள்ளவர்கள், 12.1 சதவீதம். சிறுநீரக ஆபத்து மிக அதிகமாக இருந்தது இந்தக் கடைசிக் கூட்டத்துக்குத்தான்; விழித்திரை ஆபத்தில் இன்சுலின் பற்றாக்குறைக் கொத்துக்கு அடுத்த இடம்.

ஸ்வீடனின் மையங்களை எடுத்துவந்து இங்குள்ளவர்களை அவற்றோடு ஒட்ட வைத்திருந்தால், இந்த 12.1 சதவீதம் தனியாகக் கண்ணில் பட்டிருக்காது. இரண்டு பழைய கொத்துகளுக்குள் பாதிப் பாதியாகக் கரைந்துபோயிருக்கும். ஏற்கெனவே உள்ள மையங்களோடு ஒட்டவைப்பது, புதிதாகக் கொத்து பிரிப்பது என்ற இரண்டும் வேறு வேறு வேலைகள். முதலாவதில் பெயர்களின் பொருள் நிலையாக இருக்கும், ஆனால் புதியது எதுவும் தெரியாது. இரண்டாவதில் புதியது தெரியும், ஆனால் சென்ற ஆண்டு இரண்டாம் கொத்து என்று சொன்னதும் இந்த ஆண்டு இரண்டாம் கொத்து என்று சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முடிவெடுக்கும் இடத்தில் இதைத் தெளிவுபடுத்தாமல் விட்டால் பெருங்குழப்பம் வரும்.

இதோடு காலமும் சேர்கிறது. 1,105 பேரை எடுத்துக்கொண்ட ஜெர்மன் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. ஐந்து ஆண்டு கழித்து மீண்டும் அளந்தபோது சிலர் வேறு கொத்துக்கு இடம்பெயர்ந்திருந்தார்கள். வியப்பில்லை. மருந்து எடுத்தால் எச்பிஏ1சி மாறும், எடை மாறும், ஹோமா எண்கள் மாறும். நோய் கண்டறிந்த நாளில் ஒட்டிய பெயர் அந்த நாளுக்குத்தான் பொருந்தும்.

முடிவு எங்கே எடுக்கலாம்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட நீரிழிவு வகைப்பாட்டில் இந்த ஐந்தும் தனி வகைகளாக இடம்பெறவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதற்காக இந்த ஆய்வு வீண் என்று சொல்ல மாட்டேன்.

கூட்டத்தைப் பற்றிய முடிவுகளுக்குக் கொத்துகள் நன்றாக உழைக்கின்றன. ஒரு பகுதியில் புதிதாக நோய் கண்டறியப்படுபவர்களில் ஆறில் ஒரு பங்கு இன்சுலின் எதிர்ப்புக் கொத்தில் வருகிறார்கள் என்றால், சிறுநீரகப் பரிசோதனைக்கு எவ்வளவு வசதி வேண்டும் என்று திட்டமிடலாம். புதிய மருந்தை யாரிடம் முதலில் சோதிக்கலாம் என்று யோசிக்கலாம். மாணவர்களுக்கு வகை 2 என்பது ஒரே நோயல்ல என்று காட்டலாம். எல்லைக்கோட்டில் நிற்கும் சிலர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது இத்தகைய முடிவுகளைப் பெரிதாகப் பாதிக்காது. தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும்.

தனி மனிதரைப் பற்றிய முடிவில் அப்படி ஈடுகட்ட யாரும் இல்லை. அதனால்தான் வேலி போடாத முறைகளை நோக்கிப் பலர் நகர்ந்தார்கள். 2017-லேயே நீரிழிவு மரபியல் ஆய்வாளர் மார்க் மெக்கார்த்தி ஓவியரின் வண்ணத்தட்டை உவமையாக வைத்தார்: ஒவ்வொருவரும் சில அடிப்படை வண்ணங்களின் வெவ்வேறு கலவை. 2022-ல் ஸ்காட்லாந்தில் 23,137 பேரின் தரவைக் கொத்துகளாக வெட்டாமல், கிளைகள் கொண்ட ஒரு மர வடிவமாக விரித்தார்கள். ஒருவர் எந்தக் கிளையில், நுனியிலா நடுவிலா என்று அதில் பார்க்க முடியும்.

என் வேலையில் இந்த வரலாறு செய்த மாற்றம் மிகச் சிறியது. முன்பு கொத்து பிரித்துக் கொடுக்கும்போது ஒவ்வொருவர் பெயருக்கு நேரே ஒரு கொத்து எண் இருக்கும். இப்போது அதன் பக்கத்தில் இரண்டு பத்திகள் கூடுதலாக இருக்கின்றன: தன் மையத்துக்கு எவ்வளவு தூரம், அடுத்த மையத்துக்கு எவ்வளவு தூரம். முதல் எண் 0.6, இரண்டாவது எண் 2.8 என்றால் அவர் தன் கொத்தின் உள்ளே உறுதியாக இருக்கிறார். 1.42, 1.47 என்றால் அவர் எந்தக் கொத்திலும் இல்லை, வேலியின்மேல் இருக்கிறார். அறிக்கையின் தொடக்கத்திலேயே ஓர் ஒப்பீட்டையும் வைக்கிறேன். கைவசம் உள்ள மிக எளிய எண்ணை மட்டும் வைத்து இதே முடிவை எடுத்திருந்தால் எவ்வளவு தவறியிருக்கும் என்று அது காட்டும்.

தொடக்கத்தில் பார்த்த இரண்டு கோப்புகளுக்கு வருவோம். 38 வயதுக்காரர் இன்சுலின் பற்றாக்குறைக் கொத்தில் விழுவார். 71 வயதுக்காரர் வயது சார்ந்த மிதமான கொத்தில் விழுவார். இருவருக்கும் கொத்து சொன்னதை மருத்துவரின் கண் ஏற்கெனவே சொல்லியிருக்கும், மெலிவும் 11.8-ம் போதும், 71-ம் 6.8-ம் போதும். உதவி தேவைப்படுவது மூன்றாவது கோப்புக்கு. வயது 55, பிஎம்ஐ 29, எச்பிஏ1சி 8.1. உடற்பருமன் கொத்து, வயது சார்ந்த கொத்து, இன்சுலின் எதிர்ப்புக் கொத்து என்ற மூன்றுக்கும் நடுவே, எல்லாவற்றிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்கிறார். அவருக்குக் கொத்து எண்ணை எழுதாமல் அந்த மூன்று தூரங்களையும் எழுதி, கீழே இஜிஎஃப்ஆரும் சிறுநீரில் அல்புமின் அளவும் வேண்டும் என்று குறித்து, மருத்துவரின் மேசைக்கு அனுப்பிவைக்கிறேன்.